அனுப்பப்பட்டவர்களும் ஒப்படைக்கப்பட்டதும்: அப்போஸ்தல மரபும் ஆரணி வட்டாரத்து நற்செய்திப் பணியும்

'அப்போஸ்தலர்' என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் 'அனுப்பப்பட்டவர்' என்பதே பொருள்; கத்தோலிக்கத் தமிழ் அதைத் 'திருத்தூதர்' என்று வழங்குகிறது. ஆயினும் திருச்சபையின் வழக்கில் இச்சொல்லினின்று பிறந்த 'அப்போஸ்தல மரபு' என்ற தொடர், வெளியே செல்வதைக் காட்டிலும் உள்ளே காப்பதையே பெரிதும் குறிக்கலாயிற்று. முதல் சீடர்கள் கற்பித்த போதனையும், அவர்கள் விட்டுச் சென்ற வழிபாட்டு முறையும், ஒருவர் தலைமேல் ஒருவர் கைவைத்துத் தொடரும் ஆயர் பொறுப்பும் சிதையாமல் பேணப்பட வேண்டும் என்பது அதன் உட்கிடை. மறுபுறம், 'எல்லா இனத்தாரிடமும் செல்லுங்கள்' என்னும் கருத்தில் மத்தேயு நற்செய்தியின் இறுதியில் வரும் கட்டளை, பெற்றதை அறியாத மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. காப்பவரின் கவலையும் கொண்டுசெல்பவரின் துணிவும் ஒன்றோடொன்று இழுபறியில் நிற்பவையா, அன்றி ஒரே செயலின் இரு முகங்களா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறு, அதிலும் ஆரணியை உள்ளடக்கிய பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியின் வரலாறு, தெளிவான ஒரு விடையைத் தருகிறது.

மரபு என்பதற்குக் கிரேக்க விவிலியம் ஆளும் சொல் 'பராதோசிஸ்'. கைமாற்றிக் கொடுத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் பவுல், தாம் பெற்றுக்கொண்டதையே அவர்களிடம் ஒப்படைத்ததாகக் கூறுகிறார். பெறுதல், ஒப்படைத்தல் என்னும் இவ்விரு வினைகளுக்கு இடையில் நிற்பவரே அவர் பார்வையில் அப்போஸ்தலர். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஏறத்தாழ 180-ல், லியோன் நகரத்து ஆயர் இரேனியு இக்கருத்துக்கு வரலாற்று வடிவம் கொடுத்தார். இயேசு சிலருக்கு மட்டும் இரகசியமாக உபதேசித்த ஞானம் தம்மிடம் உள்ளது என்று கூறிய ஞானவாதக் குழுக்களுக்கு மறுமொழியாக, உரோமைத் திருச்சபையின் ஆயர்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் காட்டி, அப்போஸ்தலர் கற்பித்தது எல்லாரும் அறிய வெளிப்படையாகவே கைமாறி வந்திருக்கிறது என்று அவர் வாதிட்டார். பின்னாளில் அதிகாரத்தின் சான்றாகக் காட்டப்பட்ட இந்தப் பெயர் வரிசை, தோன்றிய காலத்தில் மறைவுக்கு எதிரான சான்றாகவே முன்வைக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

தமிழ்ச் சமய மரபுக்கு இவ்வகைத் தொடர்ச்சி புதிதன்று. மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞானசம்பந்தர், உமாபதி சிவாசாரியார் என்னும் நால்வரைச் சைவ சித்தாந்தம் சந்தான குரவர் என்று போற்றுகிறது. சந்தானம் என்பது இங்கே ஞானத்தின் வழித்தோன்றல். பக்குவம் நோக்கி உபதேசிப்பது அம்மரபின் நெறி. தகுதியுடையோர்க்கே உரியதென்று குரு காத்த மந்திரப் பொருளை இராமானுசர் திருக்கோட்டியூரில் எல்லாரும் கேட்க வெளியிட்டதாக வைணவக் குருபரம்பரை சொல்லும் செய்தி, காத்தலுக்கும் கொடுத்தலுக்கும் இடையிலான இழுபறி இம்மண்ணிலும் உணரப்பட்ட ஒன்றே என்று காட்டுகிறது. ஆரணிக்கு அருகே பூண்டியில் நிற்கும் அருகர் கோயிலும், போளூரை அடுத்த திருமலையின் சமணச் சின்னங்களும், நடந்தே வந்த துறவியர் கொணர்ந்த அறம் இவ்வட்டாரத்தில் வேரூன்றியதற்குச் சான்றாக உள்ளன. கிறித்தவ அப்போஸ்தலக் கருத்து இவற்றினின்று வேறுபடும் இடம், கேட்பவரின் பக்குவத்தை முன்நிபந்தனையாக வைக்காமல், அறிவிப்பதையே எல்லார்மீதும் கடமையாக வைப்பதில் இருக்கிறது.

அந்தக் கடமை யாருக்குரியது என்பதில் சீர்திருத்தத் திருச்சபைகள் நெடுங்காலம் தயங்கின. பதினாறாம் நூற்றாண்டில் கால்வினும் அவர் வழிவந்தோரும், அப்போஸ்தலத் தொடர்ச்சி ஆயர்களின் கைவைப்பில் இல்லை, அப்போஸ்தலரின் போதனையைப் பிறழாமல் பற்றுவதிலேயே உள்ளது என்று கற்பித்தனர். அதே மரபினருள் பலர், உலகெங்கும் செல்லும்படி இடப்பட்ட கட்டளை முதல் அப்போஸ்தலரோடு நிறைவேறி முடிந்துவிட்டது என்றும் கருதினர். இங்கிலாந்தில் செருப்புத் தைக்கும் தொழில் செய்து பின்னர்ப் போதகரான வில்லியம் கேரி 1792-ல் வெளியிட்ட சிறுநூலில் இக்கருத்தை எளிய தருக்கத்தால் உடைத்தார்: செல்லும் கட்டளை அப்போஸ்தலரோடு முடிந்ததென்றால், அதே வாக்கியத்தில் அடங்கிய திருமுழுக்கும் அவர்களோடு முடிந்திருக்க வேண்டும், உலக முடிவுவரை உடனிருப்பதாக அதைத் தொடர்ந்து வரும் வாக்குறுதியும் பின்வந்தோர்க்கு இல்லாமற் போகும். வாக்குறுதியை உரிமையாகக் கொள்பவர் கட்டளையைப் பழையதென்று தள்ள இயலாது என்ற இந்த வாதமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நற்செய்திச் சங்கங்கள் பலவற்றுக்கும் அடித்தளம் ஆயிற்று.

ஆர்க்காட்டு மிஷன் அந்த அலையில் பிறந்தது. அமெரிக்க மருத்துவரான மூத்த ஜான் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்குப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணியாற்றி, 1836-ல் சென்னைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே தமிழோசை கேட்ட அவருடைய மக்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகியோர், 1853-ல் வேலூரை மையமாகக் கொண்டு இம்மிஷனைத் தொடங்கினர். வேலூர், சித்தூர், ஆரணி ஆகியவை அதன் தொடக்க கால நிலையங்கள். டச்சுக்காரர் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த இச்சகோதரர்கள், 1854-ல் 'ஆர்க்காட்டு கிளாசிஸ்' என்ற அமைப்பையும் நிறுவினர். கிளாசிஸ் என்பது ஒரு வட்டாரத்துச் சபைகளின் போதகரும் மூப்பரும் கூடி ஆளும் மன்றம். அங்கே தனி ஆயர் கிடையாது. கமண்டல நாகநதிக் கரையில் பட்டுத்தறிகளின் ஓசைக்கு நடுவே அமைந்த ஆரணிச் சபை, இவ்வாறு ஆயர் வரிசை ஏதும் இல்லாமல், போதனையின் தொடர்ச்சியை மட்டுமே அப்போஸ்தலத் தன்மையின் அடையாளமாகக் கொண்டு உருவானது.

மிஷனின் தொடக்க காலக் கொள்கை அதன் இறையியலையே எதிரொலித்தது. ஆங்கிலக் கல்வி வழியாக உயர்குடியினரை ஈர்க்கும் முறையை விலக்கி, ஊர் ஊராகச் சென்று தமிழிலும் தெலுங்கிலும் நேரடியாக அறிவிப்பதையும், கைப்பிரதிகளை அச்சிட்டு வழங்குவதையும், உபதேசியார் எனப்படும் உள்ளூர்ப் போதனையாளரைப் பயிற்றுவதையும் அது முதன்மையாகக் கொண்டது. கடைவீதியில் நின்று பேசுவோர்க்கெனத் தமிழில் உரைத்தொகுப்பு ஒன்றை ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் இயற்றினார். கேட்போர் ஏற்கெனவே மதிக்கும் தமிழ்ச் செய்யுள்களைத் துணைக்கு அழைத்தே அந்நூல் தன் வாதங்களை நகர்த்தியது. ஒப்படைக்கப்படும் செய்தி பெறுபவரின் சொற்களுக்குள் நுழையாமல் கைமாறுவதில்லை என்பதை இந்நூல் நடைமுறையில் ஒப்புக்கொண்டது எனலாம்.

எனினும் செய்தியை ஏற்றவர்கள், எதிர்பார்த்த கடைவீதியைவிட எதிர்பாராத சேரிகளிலேயே மிகுந்திருந்தனர். ஆர்க்காட்டுச் சபைகள் பெரும்பாலும் சிற்றூர்களில், சாதி அமைப்பால் ஒடுக்கப்பட்ட மக்களிடையே வளர்ந்தன. சபையில் சேர்வோர் சாதி வேற்றுமையை விட்டொழிக்க வேண்டும் என்பதில் ஸ்கடர் குடும்பத்தார் கண்டிப்பாக இருந்தனர். அக்கண்டிப்பு முழுமையாக நிறைவேறியதென்று இன்றைய தமிழ்நாட்டுத் திருச்சபைகள் எதுவும் உரிமை கொண்டாட முடியாது. ஆயினும், எழுத்தும் பொதுவழியும் மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்திலிருந்து உபதேசியாரும் போதகரும் எழுந்தபோது, பெற்றவர் ஒப்படைப்பவர் ஆனார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் மடல், பவுல், தீமோத்தேயு, நம்பத்தக்கவர், அவர்கள் கற்பிக்கப் போகும் பிறர் என நான்கு தலைமுறைகளை ஒரே வாக்கியத்தில் அடுக்குகிறது. அப்போஸ்தலத் தொடர்ச்சிக்கு அதைவிடச் சுருக்கமான இலக்கணம் இல்லை.

இக்கட்டத்தில் எழுந்த புதிய சிக்கல், அனுப்பியவர்களின் பிளவு. தோமா 52-ல் மலையாளக் கரையில் இறங்கி மயிலாப்பூரில் உயிர்துறந்தார் என்ற பழமையான நம்பிக்கையைக் கொண்ட தென்னிந்தியாவில், கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் லூத்தரன்களும் மெதடிஸ்டுகளும் சீர்திருத்தச் சபையாரும் தத்தம் நாட்டுச் சண்டைகளின் பெயர்களைத் தாங்கி, ஒரே அப்போஸ்தலரின் செய்தியைத் தனித்தனியே அறிவித்தனர். 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயராகத் தோர்ணக்கல்லில் பொறுப்பேற்ற வெள்ளாளன்விளை வேதநாயகம் அசரியா உள்ளிட்ட இந்தியத் தலைவர்கள் 1919-ல் தரங்கம்பாடியில் கூடி வெளியிட்ட அறிக்கை, இப்பிளவுகள் தாம் உண்டாக்கியவை அல்ல என்றும், நற்செய்திப் பணிக்கு அவை தடையாக நிற்கின்றன என்றும் கூறி, ஒன்றிணைவுக்கு அழைப்பு விடுத்தது. 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே ஊரிலிருந்து, பெற்றவர்கள் அனுப்பியவர்களுக்கு மறுமொழி அனுப்பினர். மரபைக் காக்கும் பிரச்சினையாகப் பார்க்கப்பட்ட ஒற்றுமை, அங்கே அறிவிக்கும் பணியின் தேவையிலிருந்து கேட்கப்பட்டது.

பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டதற்குக் காரணம் ஆயர் தொடர்ச்சியே. அது இல்லாத சபைகளின் போதகர்களை ஏற்றால் அப்போஸ்தல மரபு அறுபடும் என்று ஆங்கிலிக்கருள் ஒரு சாரார் அஞ்சினர். ஆயர் தொடர்ச்சியை ஏற்றால் தம் முன்னோரின் ஊழியம் குறையுடையதென்று ஒப்புக்கொண்டதாகும் என்று 1908 முதல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்திருந்த ஆர்க்காட்டுச் சபையார் போன்றோர் தயங்கினர். ஆயர் பொறுப்பை எல்லாரும் ஏற்பது, அதற்கு எந்த ஒரு விளக்கத்தையும் எவர்மீதும் திணிப்பதில்லை, முன்பே போதகராக இருந்த எவருக்கும் மீண்டும் பட்டம் கொடுப்பதில்லை, இனிவரும் எல்லாப் பட்டங்களும் பேராயர் கைவைத்தே வழங்கப்படும் என்பதே எட்டப்பட்ட உடன்பாடு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. 1945-ன் முதல் நாளில் மறைந்த அசரியா அதைக் காணவில்லை. அன்று பேராயராக அருட்பொழிவு பெற்றவர்களில் ஒருவர், ஆயர் இல்லாத ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து வந்து, மற்றொரு பட்டு நகரமான காஞ்சிபுரத்தில் பணியாற்றிய 37 வயது லெஸ்லி நியூபிகின். ஆரணிச் சபையும் இப்புதிய திருச்சபைக்குள் வந்து, பின்னர் வேலூர்ப் பேராயத்தின் பகுதியாயிற்று.

இந்த உடன்பாட்டின் உட்பொருளை விளக்க, ஆரணித் தறியில் அன்றாடம் நடக்கும் பாவு பிணைத்தல் என்னும் வேலை உதவும். நீளவாட்டில் ஓடும் பாவு நெய்து தீரும் நிலையில், விழுதின் கண்களிலும் அச்சின் பற்களிலும் கோக்கப்பட்டிருக்கும் பழைய இழைகளின் எஞ்சிய நுனிகள் அறுத்தெறியப்படுவதில்லை. புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகள் ஒவ்வொன்றாக அந்நுனிகளோடு விரலால் திரித்துப் பிணைக்கப்படுகின்றன. பிறகு மெல்ல இழுத்தால், புதிய இழை பழைய இழை கிடந்த அதே கண்ணுக்குள் வந்து சேர்கிறது. பழைய நுனி வழிகாட்டிவிட்டு வெளியேறும். சேலையாக உருவாவது புதிய இழை. பழைய நுனி இல்லையென்றால் ஒவ்வொரு இழையையும் புதிதாகக் கோக்க வேண்டும், நெய்தல் நெடுநாள் நின்றுபோகும். புதிய இழை இல்லையென்றால் எஞ்சிய நுனி எத்தனை பழமையானதாயினும் நெய்வதற்கு ஒன்றுமில்லை. ஊடையாகக் குறுக்கே ஓடுவது அந்தந்த ஊரின் மொழியும் வாழ்வும். ஆயர் தொடர்ச்சியைப் போற்றியோர் நுனியின் அருமையைக் கண்டனர். ஆர்க்காட்டுச் சபையார் துணியின் அருமையைக் கண்டனர். 1947-ன் உடன்பாடு இரண்டுக்கும் இடையிலுள்ள பிணைப்பில் கண்வைத்தது.

இவ்வுவமைக்கு ஓர் எல்லை உண்டு. நற்செய்திப் பணி பற்றிய மிகக் கூர்மையான வினாவும் அந்த எல்லையில்தான் எழுகிறது. இழைக்கு இசைவு என்பதில்லை, மனிதருக்கு உண்டு. ஆர்க்காட்டு மிஷனே நடத்திய வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியில் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், மிஷனரிகளின் விமர்சனமே இந்து மெய்யியலை ஆழ்ந்து கற்கத் தம்மைத் தூண்டியதாகப் பின்னாளில் எழுதினார். அறிவித்தல் எப்போதும் எதிர்பார்த்த விடையையே பெறுவதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை ஏற்கிறது. அவ்வுரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் விளக்கியது. சட்டத்தின் இந்த வேறுபாட்டை ஏற்போரும் மறுப்போரும் உளர். இறையியல் நோக்கில், அனுப்பப்பட்டவரின் பொறுப்பு செய்தியை நேர்மையாகக் கொண்டுசேர்ப்பதோடு நிற்கிறது. ஏற்பது கேட்பவரின் மனச்சான்றுக்கே உரியது. ஆசை காட்டியோ அச்சுறுத்தியோ பெறப்படும் இசைவு சட்டத்துக்கு முரணாவதற்கு முன்பே மரபுக்கு முரணாகிறது. ஏனெனில் அப்படிச் சேர்ந்தவரிடம் ஒப்படைக்கப்படுவது நற்செய்தியாக இராது, அவர் அடுத்தவரிடம் ஒப்படைக்கத் தக்கதும் அவரிடம் ஏதும் இராது.

ஆகவே, காத்தலும் கொண்டுசெல்லுதலும் இருவேறு கடமைகள் என்ற எண்ணம், அப்போஸ்தலர் என்ற சொல்லின் மூலப்பொருளை மறந்ததன் விளைவு எனலாம். கைமாறாத மரபு உடைமையாகச் சுருங்கும். பெற்றுக்கொண்டதன்றித் தானாக எழுந்த அறிவிப்புக்கு அனுப்பியவர் இல்லை. ஒரு திருச்சபையின் அப்போஸ்தலத் தன்மையை அளப்பதற்கு அதன் ஆயர் பட்டியலின் நீளமும் அதன் உறுப்பினர் எண்ணிக்கையும் போதா. தனக்கு முன்னிருந்தவரிடம் எதைப் பெற்றது, கட்டாயமின்றிக் கேட்க வந்தவரிடம் அதை எவ்வளவு முழுமையாகக் கொடுத்தது, அவர் அதைத் தம் மொழியில் மூன்றாமவரிடம் சொல்லும் உரிமையை எவ்வளவு மனமுவந்து விட்டுக்கொடுத்தது என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். தரங்கம்பாடியில் 1919-ல் கூடியோர் கேட்டது அந்த மூன்றாவது உரிமையைத்தான். தென்னிந்தியத் திருச்சபை அதன் பயனாக எழுந்தது.