கேம் பாயின் கொள்ளிவட்டம்

பழைய வீடியோ கேம் கருவிகளிலும் வீட்டுக் கணினிகளிலும் உள்ள ஒலிச் சிப்பைக் கொண்டு உண்டாக்கும் இசைக்குச் சிப்டியூன் என்று பெயர். யாரோ வாசித்துப் பதிவு செய்த ஒலி அதில் அநேகமாக இருப்பதில்லை. எந்தக் கணத்தில் சிப்பின் எந்த ரிஜிஸ்டரில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்ற வரிசைதான் பாட்டாகச் சேமிக்கப்படுகிறது. கருவியை முடுக்கும்போதெல்லாம் சிப் அந்த எண்களை வாங்கிப் புதிதாக ஒலிக்கிறது. ஸ்வரக்குறிப்பு, கச்சேரி, பதிவு என்று வழக்கமாகப் பிரித்துப் பேசும் மூன்றும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுகின்றன. கோப்பு ஸ்வரக்குறிப்பைப் போல ஊமையாகக் கிடக்கிறது. பதிவைப் போலப் பிசகாமல் திரும்ப வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கச்சேரியைப் போல அப்போதுதான் பிறக்கிறது. பாட்டு என்பது இவற்றில் எது, அது எங்கே இருக்கிறது என்ற கேள்வி மெய்யியலுக்குப் பழையது. சிப்டியூன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் அளவுக்குச் சிறிதாக்கித் தருகிறது.

நிண்டெண்டோ 1989இல் வெளியிட்ட கேம் பாயை எடுத்துக்கொண்டால், அதில் நான்கு ஒலித்தடங்கள் உண்டு. இரண்டு சதுர அலைக்கு. மூன்றாவதில் 32 புள்ளிகளால் ஓர் அலைவடிவத்தை வரைந்துகொள்ளலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது 16 உயரங்கள்தான். நான்காவது வெறும் இரைச்சல். அதை நறுக்கித்தான் தாளம் செய்ய வேண்டும். ஹாம்பர்க் கலைக் கல்லூரியில் படித்த ஆலிவர் விட்ஷோவ் 1998இல் நானோலூப் என்ற மென்பொருளையும், சுவீடனின் யோஹான் கொட்லின்ஸ்கி 2000இல் லிட்டில் சவுண்ட் டிஜே என்பதையும் இந்தக் கருவிக்காக எழுதிய பிறகு, விளையாட்டுச் சாமான் இசைக்கருவியாயிற்று.

இரண்டாவது மென்பொருளில் பியானோக் கட்டையோ ஸ்வரக்கோடோ கிடையாது. 160க்கு 144 புள்ளிகள் கொண்ட திரையில் பதினாறு வரிகள் மேலிருந்து கீழாக நிற்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஸ்வரம், ஒரு வாத்திய எண், ஒரு கட்டளை. திசைப் பொத்தானை நகர்த்தி எண்ணை ஏற்றி இறக்குவதுதான் வாசிப்பு. சுருதியும் எண்தான்: 131072ஐ ஒரு முழு எண்ணால் வகுத்தால் வருவது எதுவோ அதுவே அலைவெண். 298ஆல் வகுத்தால் 439.84 ஹெர்ட்ஸ், வேண்டியது 440, வித்தியாசம் காதில் விழாது. அதே ஸ்வரம் மூன்று ஸ்தாயி மேலே 3520 ஆக வேண்டும். 37ஆல் வகுத்தால் 3542, 38ஆல் வகுத்தால் 3449. இரண்டுக்கும் நடுவே இந்தக் கருவிக்கு உலகமே இல்லை. மேல் ஸ்தாயியில் கேம் பாய் சற்றே சுருதி விலகி ஒலிப்பதற்கு இதுதான் காரணம். பழகிய காதுகள் அந்த விலகலைக் குறையாக எண்ணுவதில்லை, அடையாளமாக வைத்துக்கொள்கின்றன.

ஒரு சதுர அலைத் தடத்தால் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்க முடியும். கார்ட் வேண்டுமானால் மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டுமே? அதற்கு 1980களிலேயே ஒரு தந்திரம் பிறந்துவிட்டது: மூன்றையும் நொடிக்குப் பல பத்து முறை மாறி மாறி ஒலித்துவிடுவது. லிட்டில் சவுண்ட் டிஜேயில் சி என்ற கட்டளைக்குப் பக்கத்தில் 47 என்று எழுதினால் போதும். அடிப்படை ஸ்வரம், அதற்கு நான்கு அரைஸ்வரம் மேலே ஒன்று, ஏழு மேலே ஒன்று என்று தடம் சுழலத் தொடங்கும். கேட்பவருக்கு ஒரு மேஜர் கார்ட் கிடைத்துவிடும். ஆனால் சிப்புக்குள் எந்தக் கணத்தை வெட்டிப் பார்த்தாலும் அங்கே கார்ட் இருக்காது, தனி ஸ்வரம் ஒன்றுதான் இருக்கும்.

இருட்டில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் தெரியும் நெருப்பு வளையத்தை இந்திய மெய்யியல் நெடுங்காலமாக உதாரணமாகக் காட்டி வந்திருக்கிறது. மாண்டூக்ய காரிகையில் கௌடபாதர் நான்காம் பிரகரணத்துக்கே கொள்ளி அணைதல் என்று பொருள்படும் பெயரை வைத்தார். சுழலும்போது தெரியும் வளையம் வெளியிலிருந்து வந்து கொள்ளியில் ஒட்டவில்லை. சுழற்சி நின்றதும் கொள்ளிக்குள் போய் ஒளியவும் இல்லை. தோற்றத்துக்குத் தனி இருப்புக் கிடையாது என்பது அவர் வாதம். கணந்தோறும் எல்லாம் அழிந்து பிறக்கிறது என்று சொன்ன பௌத்தரும் இதே கொள்ளியைத் தம் பக்கத்துக்குச் சாட்சியாக அழைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் கேம் பாயின் கார்ட் பொருத்தமான உதாரணம் போலத்தான் முதலில் படும்.

ஆனால் ஓர் இடத்தில் உவமை நொண்டுகிறது. கொள்ளிவட்டத்தைப் பார்ப்பவனுக்கு வட்டம் தெரியும்போது கொள்ளி தெரிவதில்லை. சிப்டியூன் கேட்பவனுக்கோ கார்டும் கேட்கிறது, அதற்குள் மூன்று ஸ்வரங்களும் குமிழியிட்டு ஓடுவதும் கேட்கிறது. காது முழுதாக ஏமாறுவதில்லை. இந்த அரைகுறை ஏமாற்றுதான் இவ்வகை இசையின் கையெழுத்து. மூன்று ஸ்வரங்களையும் உண்மையாகவே சேர்த்து ஒலிக்கும் நவீன சின்தசைசரில் அதே பாட்டை வாசித்தால் கார்ட் திருத்தமாக இருக்கும், பாட்டு செத்துப்போயிருக்கும். அப்படியானால் பாட்டை ஸ்வரங்களின் அமைப்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

ஒலி நிலையானதா, நிலையற்றதா என்ற வழக்கில் மீமாம்சகர்கள் ஒருபுறம் நின்றார்கள்: சொல் என்றும் உள்ளது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறது, உண்டாக்குவதில்லை. நியாய மரபினர் மறுத்தார்கள்: ஒலி உண்டாக்கப்படுவது, ஆகவே அழிவது. இந்த வழக்கு தமிழுக்கும் அந்நியமில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அளவை இலக்கணம் விளக்கப்படும்போது மாதிரியாக வருவதே ஒலி அநித்தியம் என்ற மேற்கோள்தான். செய்யப்படுவதால் என்பது காரணம், குடம் எடுத்துக்காட்டு. மீமாம்சகர்கள் காக்க நினைத்தது வேதத்தின் சொல்லை, பொழுதுபோக்கு இசையை அல்ல. இருந்தாலும் வழக்கின் எலும்புக்கூடு அப்படியே பொருந்துகிறது. கோப்பில் உறங்கும் பாட்டைச் சிப் வெளிப்படுத்துகிறதா, குயவன் குடத்தைச் செய்வது போல ஒவ்வொரு முறையும் செய்கிறதா?

இன்றைய மேற்கத்திய மெய்யியலிலும் இரு தரப்பு உண்டு. ஜூலியன் டாட் போன்றவர்களுக்கு இசைப்படைப்பு என்பது காலத்தைக் கடந்த ஒலி வகை; அது எப்படி ஒலிக்கிறது என்பது மட்டுமே கணக்கு, எந்தக் கருவியிலிருந்து வந்தது என்பது பொருட்டில்லை. ஜெரால்ட் லெவின்சன் 1980இல் எழுதிய கட்டுரையில் இதை மறுத்தார். பீத்தோவனின் ஹாமர்கிளாவியர் சொனாட்டாவில் பியானோ தன் எல்லையை முட்டித் திணறுகிறது. அந்தத் திணறல் படைப்பின் அழகில் ஒரு பங்கு. எந்த எல்லையும் இல்லாத கருவியிலிருந்து அதே ஒலி வந்ததாக எண்ணிக் கேட்டால் திணறல் காணாமல் போகிறது. ஆகவே கருவியும் அதை இயக்கும் முறையும் படைப்புக்கு உள்ளே இருப்பவை. லெவின்சன் சிப்டியூனை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. ஆனாலும் ஒற்றைத் தடம் கார்டாக நடிக்கும் அந்தச் சுழற்சியைவிட நல்ல உதாரணம் அவருக்குக் கிடைத்திருக்காது.

கருவி உள்ளே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் உடனே அடுத்த சிக்கல் வருகிறது: எந்தக் கருவி? 1982இல் வந்த கமடோர் 64 கணினியில் பாப் யான்னஸ் வடிவமைத்த சிட் சிப் இருந்தது. மூன்று குரல்களும் ஓர் அனலாக் ஃபில்டரும் கொண்டது. 6581 என்ற முதல் பதிப்பில் அந்த ஃபில்டர் சிப்புக்குச் சிப் மாறுபட்டது. இசையமைப்பாளர் தன் மேசையில் கேட்ட இருண்ட, கனத்த ஒலி வாங்கியவர் வீட்டில் மெலிந்தும் கேட்கலாம், அடைத்துக்கொண்டும் கேட்கலாம். அதே சிப்பில் ஒரு குறையும் இருந்தது. மொத்த வால்யூமை மாற்றும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். புரோகிராமர்கள் அந்த டிக்கை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை எழுப்பி, வால்யூமின் 16 படிகளைக் கொண்டே பதிவு செய்த டிரம்மையும் மனிதக் குரலையும் ஒலிக்கவைத்தார்கள். மூன்று குரல் சிப்புக்கு நான்காவது குரல் கிடைத்தது. பிறகு வந்த 8580 பதிப்பில் குறை பெருமளவு திருத்தப்பட்டது. விளைவு, பழைய பாட்டுகளின் டிரம் அநேகமாகக் காதில் விழாமல் போயிற்று. திருத்திய சிப்பில் ஒரு சிறு மின்தடையைப் பற்றவைத்துப் பழைய குறையைத் திரும்பக் கொண்டுவரும் வழக்கம் அதன்பின் உண்டானது.

கோப்பில் ஓர் எண்கூட மாறவில்லை. சிப்பும் கட்டளை எதையும் மீறவில்லை. ஸ்வரக்குறிப்புக்கு முழுக்க இணங்கி நடப்பதே ஒரு படைப்பை நிகழ்த்துவது என்று நெல்சன் குட்மன் 1968இல் வைத்த அளவுகோல் இங்கே நிறைவேறிவிட்டது, டிரம் மட்டும் இல்லை. நாடு மாறினாலும் இதே கதை. ஐரோப்பிய டிவி நொடிக்கு 50 முறையும் அமெரிக்க டிவி 60 முறையும் திரையைப் புதுப்பிக்கும்; பாட்டும் பெரும்பாலும் அந்தத் துடிப்பையே தாளமாகப் பிடித்து நடக்கும். இங்கிலாந்தில் எழுதிய கமடோர் பாட்டு அமெரிக்கக் கணினியில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி ஓடும். கடிகார வேகமும் வேறு என்பதால் சுருதி அரைஸ்வரத்தில் பாதிக்கும் சற்று அதிகமாக ஏறிவிடும். ஜப்பானில் 1989இல் கொனாமி வெளியிட்ட அகுமாஜோ டென்செட்சு விளையாட்டின் கார்ட்ரிட்ஜிலேயே கூடுதலாக மூன்று தடங்கள் தரும் சிப் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் விற்ற நிண்டெண்டோ வீட்டுக் கருவியில் கார்ட்ரிட்ஜின் ஒலியைக் கலக்க வழி இல்லாததால், காசில்வேனியா 3 என்ற பெயரில் அங்கே போனபோது இசையையே குறைந்த தடங்களுக்கு மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. இந்த மூன்றும் ஒரே மாதிரியான வழக்கு அல்ல. கடைசியில் உள்ளது வெளிப்படையாகவே வேறு இசையமைப்பு. நடுவில் உள்ளது ஒரே பாட்டின் அவசர வாசிப்பு. கடினமானது முதல் வழக்குதான், ஏனென்றால் அங்கே படைப்பு ஒட்டிக்கொண்டிருப்பது சிப்பின் வடிவமைப்பில்கூட இல்லை, வடிவமைத்தவர் விரும்பாத ஒரு பிழையில்.

எமுலேட்டர் பற்றிய சண்டை இந்த இடத்தில் வருகிறது. கமடோர் இசைக்கான மிகப் பெரிய சேமிப்பான ஹை வோல்டேஜ் சிட் கலெக்ஷனில் 50,000க்கும் மேற்பட்ட பாட்டுகள் உள்ளன. எல்லாம் புரோகிராம்கள், ஒலிப்பதிவுகள் அல்ல. இன்று அவற்றைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் சிப்பை நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில்தான் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், நவீன மென்பொருளில் எத்தனை தடம் வேண்டுமானாலும் அடுக்கி, ஓசை மட்டும் பழைய சிப்பைப் போல இருக்கும்படி செய்த இசைக்கு ‘ஃபேக்பிட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே ஏளனம் இருக்கிறது.

எமுலேட்டரையும் ஃபேக்பிட்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. பட்டினிக்கும் நோன்புக்கும் வயிற்றின் நிலை ஒன்றுதான், செயல் வேறு. 1985இல் சூப்பர் மாரியோவுக்கு இசை எழுதிய கோண்டோ கோஜிக்கு ஐந்து தடங்களைத் தாண்டி ஒன்றும் இல்லை. அது இருப்பதை வைத்துச் சமைத்த சமையல். 2000க்குப் பிறகு கேம் பாயைக் கையில் எடுப்பவருக்கு எல்லாம் கிடைக்கிறது, வேண்டாம் என்று வைக்கிறார், அது நோன்பு. ஒலி ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் வேறு படைப்புகள். நோன்பின் உயிர் விதி கட்டுப்படுத்துவதில் இருக்கிறது, பாத்திரத்தில் இல்லை. சிப்பின் எல்லைகளை எமுலேட்டர் அப்படியே சுமக்கிறது. கேம் பாய் எமுலேட்டரிலும் ஐந்தாவது தடம் கேட்டால் கிடைக்காது, 3520 கேட்டாலும் கிடைக்காது. ஆகவே எமுலேட்டரில் ஒலிப்பது அந்தப் பாட்டின் உண்மையான நிகழ்த்துகைதான். ஒலிப்பதிவைவிடப் படைப்புக்கு நெருக்கமானதும்கூட. ஃபேக்பிட்டில் விதி இல்லை, வாசனை மட்டும் உண்டு. ஏகாதசி என்று சொல்லிவிட்டு வயிறு முட்டப் பலகாரம் சாப்பிடுவதைப் போன்றது அது. பலகாரம் ருசியாக இருக்கலாம், அதில் குற்றமில்லை. உபவாசம் என்ற கணக்கில் மட்டும் அதை எழுத முடியாது.

இந்த வாதம் கேம் பாய்க்குச் சரியாகப் பொருந்துகிறது, சிட் சிப்புக்கு முழுதாகப் பொருந்தவில்லை. கேம் பாயின் எல்லைகள் எல்லாக் கேம் பாய்க்கும் பொது, எண்ணாக எழுதிவிடலாம். 6581இன் ஃபில்டரோ ஒவ்வொரு துண்டுக்கும் தனி. எந்தச் சிப்பைப் பின்பற்றுவது என்று எமுலேட்டர் எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அப்போது அவர் பாடாந்தரம் ஒன்றைப் பின்பற்றும் சீடராகிறார். குறிப்பிட்ட ஓர் இசையமைப்பாளரின் மேசையில் இருந்த குறிப்பிட்ட சிப் அழிந்துபோனால், அவர் கேட்ட அந்தப் பாட்டு எந்தக் கோப்பிலும் மிஞ்சாது. குடம் உடைந்தது உடைந்ததுதான் என்ற நியாய மரபின் முடிவு இங்கே செல்லும். எல்லைகளை எண்ணாக எழுதிவைக்க முடிந்த கேம் பாய் விஷயத்தில் மீமாம்சகனுக்குப் பேச இடம் உண்டு.

அந்த இடமும் பேட்டரியால் ஓடுகிறது. கேம் பாய்க்காரர்கள் பயன்படுத்தும் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் பாட்டுகள் தங்கியிருப்பது ஒரு சிறு நினைவகத்தில். கருவி அணைந்திருக்கும்போது அதை உயிரோடு வைத்திருப்பது பொத்தான் அளவு பேட்டரி. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும், நினைவகம் வெறுமையாகும். அதற்கு முன்பே கார்ட்ரிட்ஜைக் கணினியோடு இணைத்து உள்ளே இருப்பதை நகலெடுத்துவைப்பார்கள். லிட்டில் சவுண்ட் டிஜேயின் சேமிப்புக் கோப்பு 131072 பைட் இருக்கும். சுருதிக் கணக்கில் வந்த எண்ணே இங்கும் வருவது இரண்டும் இரண்டின் 17ஆம் அடுக்கு என்பதால் மட்டுமே. பழைய பேட்டரியைச் சூடுகாட்டிக் கழற்றி, புதியதைப் பற்றவைத்து, நகலைத் திரும்ப எழுதினால் பதினாறு வரிகளும் இருந்த இடத்தில் வந்து நிற்கின்றன.