காத்திருக்க வசதி உள்ளவர்கள்

வழக்கறிஞர் ஆக என்ன வேண்டும் என்று கேட்டால் படிப்பு, பேச்சு, ஆங்கிலம் என்பார்கள். சம்பளமில்லாமல் மூன்று வருடம் சோறு போட ஒரு வீடு வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் சட்டக் கல்லூரியின் வாசல் ஓரளவு திறந்துதான் இருக்கிறது. அரசுக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் சேர்த்துத்தான். பார் கவுன்சில்கள் பதிவுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் கூடாது. ஆக, கறுப்பு அங்கி மாட்டும் வரை ஏழை வீட்டுப் பிள்ளை வந்துவிடலாம். சிக்கல் மறுநாள் ஆரம்பிக்கிறது.

எங்கள் திருநகரில் துணி தேய்ப்பவர் ஒருவரின் மகள் அப்படி வந்தவள். ஒத்தக்கடை ஹைகோர்ட்டுக்கு பஸ் மாறிப் போகிறாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதுதான் மிச்சம். கட்டு தூக்குவது, நம்பர் ஆகிவிட்டதா என்று செக்‌ஷனில் பார்ப்பது, நகல் வாங்குவது, சீனியர் வேறு கோர்ட்டில் இருந்தால் எழுந்து நின்று வாய்தா கேட்பது. மாதக் கடைசியில் சீனியர் கொடுப்பதுதான் கணக்கு. "நல்ல மனுசன்தாண்ணே. கேக்கத்தான் வாய் வரமாட்டேங்குது" என்றாள். வேறு வேலை பார்த்துச் சமாளிக்கவும் வழியில்லை. தொழில் செய்யும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

எங்கள் ஐடி தொழிலிலும் 'பெஞ்ச்' உண்டு. புராஜெக்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் புதுப் பையனுக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். அவனும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறான்.

"நாங்களும் இப்படித்தான் வந்தோம், தொழில் சொல்லித் தருகிறோமே" என்பது சீனியர்கள் வாதம். சொல்லித்தருவது உண்மைதான். ஆனால் ஜூனியர் நின்று வாங்கிய வாய்தாவுக்குக் கட்சிக்காரர் காசு கொடுத்தாயிற்று, அது யாரிடமோ போய்ச் சேர்ந்தும் விட்டது. தவிர, "நாங்களும்" என்று சொல்ல இன்று இருப்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே. பாதியில் விட்டுப் போனவர்கள் பதில் சொல்ல அந்த பார் ரூமில் இல்லை.

சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதில் மகிழ்ச்சியோடு ஒரு பயமும் உண்டு. மாதம் 20,000 ரூபாயை தானே ஒழுங்காகப் பார்க்காத சின்ன வக்கீல் என்ன செய்வார்? ஜூனியரே வேண்டாம் என்பார். இல்லையென்றால் காசு கேட்காத சொந்தக்காரப் பையனைச் சேர்த்துக்கொள்வார்.

இதற்கிடையே, சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காத்திருக்க முடியாதவர்களுக்கு, படித்து முடித்த கையோடு எழுதக்கூடிய அந்தத் தேர்வுதான் குறுக்குப் பாதையாக இருந்தது. கோர்ட்டையே பார்க்காதவர் நீதிபதியாகக் கூடாது என்ற காரணத்தை மறுக்க முடியவில்லை. ஆனால் அந்த அனுபவம் நாட்டுக்குத் தேவை என்றால், அதற்கான செலவைத் துணி தேய்ப்பவர் ஏன் ஏற்க வேண்டும்? ஹவுஸ் சர்ஜனிடம் நாம் அப்படிக் கேட்பதில்லை, அவருக்கு அரசு உதவித்தொகை தருகிறது. இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று தமிழக அரசு 2020இல் அறிவித்தபோதே இந்தக் கொள்கையை ஒப்புக்கொண்டாயிற்று. இனி பேச வேண்டியது தொகையை. பாதி சீனியர், பாதி அரசு என்று ஆரம்பிக்கலாம்.