உருளைக்கிழங்கில் 13 ஆண்டுகள்

பிறந்த கையோடு குழந்தையின் இடது புஜத்தில் போடும் பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசி, சில வாரம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். ஊசி போட்ட இடம் சிவந்து, பருப்போல வீங்கி, சீழ் கோத்து உடையும். பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடினால், "ஒண்ணும் தடவாதீங்க, தானா ஆறிடும்" என்று நர்ஸம்மா திருப்பி அனுப்பிவிடுவார். ஊசியில் போனது உயிருள்ள கிருமி. மாட்டுக்குக் காசநோய் தருகிற இனம். பல் பிடுங்கிய பாம்பு.

பிடுங்கியவர்கள் பிரான்சின் லீல் நகரில் இருந்த ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரான் இருவரும். முதலில் அவர்களுக்கு அந்த எண்ணமே இல்லை. ஆய்வுக்கு வளர்த்த கிருமி கட்டி கட்டியாகத் திரண்டு தொல்லை கொடுத்தது. அது பிரியட்டும் என்று, வளர்க்கும் உருளைக்கிழங்குத் துண்டில் கிளிசரினோடு மாட்டுப் பித்தநீரையும் சேர்த்தார்கள். கட்டி பிரிந்தது, கூடவே கிருமியின் வீரியமும் குறைந்தது. சரி, இதையே தொடர்வோம் என்று 1908-ல் உட்கார்ந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றுவது, அவ்வளவுதான் வேலை. 230 தடவை மாற்றி முடிக்க 13 ஆண்டுகள் பிடித்தன.

1921-ல் பாரிசில் முதல் மருந்து ஒரு பச்சைக் குழந்தையின் வாய்க்குள் போயிற்று. பெற்ற தாய் காசநோயில் இறந்துபோக, வளர்க்க இருந்த பாட்டிக்கும் அதே நோய். குழந்தைக்கு நோய் வரவில்லை.

அப்புறம் எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகர ஆய்வகத்தில், பல் பிடுங்காத கிருமி மருந்தில் கலந்துவிட, எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆய்வோ, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. பிஞ்சுகளின் மூளையைத் தாக்கும் காசத்தை அது தடுக்கிறது. அதற்காகத்தான் இன்றும் போடுகிறார்கள். கிருமி இழந்த பல் எது என்பதே 1990-களில்தான் தெரிந்தது.

எனக்கு அந்த 230-வது தடவையைவிட 120-வது தடவைதான் கண்ணில் நிற்கிறது. கணக்குப் போட்டால், லீல் நகரம் ஜெர்மன் படையின் பிடியில் இருந்த நேரம். இன்னும் எத்தனை தடவை என்று இருவருக்கும் தெரியாது. மூன்று வாரம் ஆகியிருக்கிறது; இன்னொரு கிழங்கைப் பித்தநீரில் வேகவைக்கிறார்கள்.