முதுமையில் பெற்றோர்: நாவின் பொறுப்பு



பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-வது வசனத்தை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். தன்னையன்றி யாரையும் வணங்கலாகாது என விதித்த அல்லாஹ் தஆலா, அதையடுத்தே பெற்றோருக்கு நன்மை செய்யுமாறு பணிக்கின்றான். முதுமையில் அவர்களை நோக்கி 'உஃப்' என்றுகூடச் சொல்லலாகாது என்கின்றான். முதுமையைக் குறிப்பிட்டது ஏன்? திடமாக நடமாடும் தந்தையிடம் முகம் சுளிக்க நமக்குத் துணிவு வருவதில்லை. சொன்னதையே அவர் பத்து முறை சொல்லும்போதும், படுக்கையை நனைத்துவிடும்போதும்தான் அந்தச் சொல் வாயில் வந்து நிற்கிறது.

நம்மில் பலர் இக்கடமையைப் பணத்தோடு முடித்துக் கொள்கிறோம். துபாயிலிருந்து மாதந்தோறும் தொகை வருகிறது, மருந்துக்கும் குறைவில்லை. ஆனால் வாப்பாவை ஒரு வார்த்தை கேட்காமலே பேத்தியின் நிக்காஹ் பேசி முடிக்கப்படுகிறது. கேட்டால், "உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள்" என்கிறோம். இது 'உஃப்' என்பதைவிடச் சிறிய சொல்லா? பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத்தர நம் நாட்டில் 2007-ல் சட்டமே வந்துவிட்டது. கனிவான பேச்சை எந்தத் தீர்ப்பாயம் பெற்றுத் தரும்?

உம்மாவைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் மருமகளின் வேலை என்றே நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அவள் மனமுவந்து செய்தால் அது அவளுக்கு நன்மை. கடமை மகனுடையது, மகளுடையது.

ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது, அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் பார்வையிழந்து, தலை வெளுத்துப்போன தம் தந்தை அபூ குஹாஃபாவை நாயகம் (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே இருக்கவிட்டிருந்தால் தாமே அவரிடம் வந்திருப்போமே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். அதுவரை அவர் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவுமில்லை! அவருடைய முதுமைக்கே அந்த மரியாதை.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். முதுமையின் தள்ளாமையிலிருந்து நாயகம் (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். ஆகவே இயலவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். அதுவும் முடியாவிடில் படுத்தும் தொழலாம். ஆனாலும் ரமழான் பிறந்தால் எத்தனை வீடுகளில் சண்டை! சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் வாப்பா நோன்பு வைத்தே தீருவேன் என்பார். செத்துப்போகவா பார்க்கிறீர்கள் என்று மகன் கத்துவார். இருவர் பக்கமும் அன்பும் உண்டு, பிடிவாதமும் உண்டு.

ஷஃபான் மாதத்திலேயே மகன் அவரை மருத்துவரிடமும், பிறகு ஆலிமிடமும் அழைத்துச் செல்லட்டும். கேள்வியை வாப்பாவே கேட்கட்டும். இனி நோன்பு நோற்கவே இயலாத முதியவருக்கு ஃபித்யா உண்டு. விட்ட நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு முத்து தானியம். ஹனஃபீ மத்ஹபில் அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் விலை. அரிசியை மகனே வாங்கி வரட்டும். அதை அளந்து ஏழையின் கையில் கொடுப்பது வாப்பாவின் கையாக இருக்கட்டும்.