இரண்டு கார்டுகளும் ஒரு மனச்சாட்சியும்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றபோது ஒரு வாலிபர் என்னிடம் வந்து, "சாமி, கிரெடிட் கார்டு வைத்துக்கொள்வது பாவமா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற அவர் தகப்பனாரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கடன் எல்லாம் பாவந்தான். என்னைப் போல ஏ.டி.எம். கார்டோடு நின்றுகொள். இருந்தால் செலவு செய், இல்லாவிட்டால் சும்மா இரு." மகன் சிரித்தார். "அப்பா சொல்வது உங்கள் காலத்துக் கணக்கு" என்றார்.

இருவரும் பாதி உண்மை சொன்னார்கள். பாதி உண்மையை முழு உண்மையென்று கொண்டு நடக்கிற குடும்பத்துக்குத் தீங்கு வரும். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று நிதானமாய் ஆராய்வோம்.

முதலாவது, இவ்விரண்டு கார்டுகளின் தன்மை என்ன? டெபிட் கார்டு, அதாவது நாம் ஏ.டி.எம். கார்டு என்பது, நம் கணக்கில் கிடக்கும் நம்முடைய பணத்துக்குத் திறவுகோல். தேய்த்தவுடனே பணம் போய்விடும். கிரெடிட் கார்டோ பாங்கின் பணத்துக்குத் திறவுகோல். இன்று வாங்குகிறோம், மாதக் கடைசியில் பட்டியல் வருகிறது, குறித்த நாளில் முழுத் தொகையையும் கட்டினால் வட்டியில்லை. வாங்கின நாளைப் பொறுத்து 45, 50 நாள்வரைக்கும் தவணை கிடைக்கும். இந்தியாவில் இத்தகைய கார்டுகள் 1980-ம் ஆண்டையொட்டித் தோன்றின. அப்போது அவை பட்டணத்துப் பெரிய மனிதருக்குரியவை. இப்போதோ கீரனூரிலும் ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் சம்பளக்காரர் சட்டைப் பையில் இரண்டு மூன்று கிடக்கின்றன.

டெபிட் கார்டு மட்டும் வைத்திருப்பவருக்குக் கவலையே இல்லையா? என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். கோவில் மதிலைப் பழுதுபார்த்த கொத்தனார்களுக்குக் கூலி கொடுக்க ஒரு சனிக்கிழமை மாலை ஓர் ஏ.டி.எம். இயந்திரத்தில் 10,000 ரூபாய் எடுக்கப் போனேன். இயந்திரம் கடகடவென்று எண்ணுகிற சத்தம் கேட்டது, நோட்டு வரவில்லை. கணக்கில் மட்டும் 10,000 குறைந்துவிட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. இவ்விதமான பணத்தை ஐந்து நாளைக்குள் திருப்பவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2019-ல் கட்டளையிட்டிருக்கிறது. எனக்கும் பணம் திரும்பி வந்தது. ஆனால் சனிக்கிழமை கூலிக்குக் காத்திருந்த மனிதருக்கு அந்தக் கட்டளையால் அரிசி வாங்க முடியுமா? பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கித்தான் கூலி கொடுத்தேன். கடனே வேண்டாமென்றிருந்த எனக்கும் அன்று கடன் வேண்டியதாயிற்று.

திருட்டுப் போகும்போதும் இப்படியே. டெபிட் கார்டைக் களவாடினவன் நம் வீட்டு உலையரிசியைக் களவாடுகிறான். வழக்குத் தீரும்வரை வெறுங்கையோடு நிற்பது நாம். கிரெடிட் கார்டில் மோசடி நேர்ந்தால் வழக்கிலிருப்பது பாங்கின் பணம். நம் அரிசிப்பானை அப்படியே இருக்கும். நம்முடைய குற்றமில்லாமல் வெளியாரால் நேர்ந்த மோசடியை, செய்தி கிடைத்த மூன்று வேலை நாளைக்குள் தெரிவித்தால் நஷ்டம் நம்மைச் சேராது என்று 2017-ல் ரிசர்வ் பாங்கு விதித்தது. ஆனால் நாமே ஓ.டி.பி. எண்ணை அந்நியனுக்குச் சொல்லிவிட்டால், புகார் செய்யும்வரை போனது நம்மோடுதான். ஆகையால் எந்தக் கார்டானாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே பாங்குக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்கவேண்டும்.

ஆகவே, "கடன் கார்டு கெட்டது, சொந்தப் பணத்துக் கார்டு நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கில்லை. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் வட்டி வாங்குவதை மிகவும் கண்டித்தவர். ஆயினும், வட்டிக்குக் கொடுப்பவனிடம் நல்ல தேவைக்காகக் கடன் வாங்குகிறவன் அதனால் பாவியாகிறதில்லை என்று அவரே போதிக்கிறார். 1745-ல் 14-ம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் வட்டியைப்பற்றி எழுதிய நிருபத்தில், கடன் கொடுத்தான் என்பதற்காக மாத்திரம் மிகுதி கேட்பதைக் கண்டித்தார். ஆனால் கடனுக்குப் புறம்பான நியாயமான காரணங்கள் இருக்கக்கூடும் என்பதையும் மறுக்கவில்லை. கொடுத்தவனுக்கு நேரும் நஷ்டம், பணம் திரும்பாதோ என்னும் ஆபத்து முதலியவற்றை வேதசாஸ்திரிகள் அவ்வகைக் காரணங்களாய் எண்ணினார்கள். ஆகவே கடன் என்னும் வார்த்தையில் பாவமில்லை. வேறு எங்கே இருக்கிறது?

நிற்க. நம் பக்கத்துக் கடனொன்றைப் பார்ப்போம். வடகாடு, கீரமங்கலம் பகுதியிலும், அப்பால் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தை நீங்கள் அறிவீர்கள். ஆயிரம் ரூபாய் மொய் செய்தவருக்கு, அவர் விருந்து வைக்கும்போது, பழைய ஆயிரத்தைத் திருப்பி, மேலும் புது மொய்யும் செய்கிறோம். வட்டியில்லை, பத்திரமில்லை, மொய் நோட்டு ஒன்றே சாட்சி. அந்தப் பணத்தைக்கொண்டு ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்களும், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் உண்டு. இதிலும் குறையுண்டு: வீண் ஆடம்பரமுண்டு, திருப்ப முடியாதவருக்குத் தலைகுனிவுண்டு. ஆனாலும் ஒரு பெரிய நன்மை இதிலிருக்கிறது. கடன் கொடுத்தவனுடைய முகம் வாங்கினவனுக்குத் தெரியும். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயலில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது, மொய் கொடுத்தவனும் வாங்கினவனும் ஒரே தோப்பில் நின்று ஒரே கண்ணீர் விட்டார்கள். கொடுத்தவனுக்கு வாங்கினவனுடைய நிலை தெரியும்.

கார்டுக்கு முகமில்லை. அதன் ஆபத்தெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. அண்டைவீட்டாரிடம் 5,000 ரூபாய் கேட்க நாம் பத்துமுறை யோசிப்போம், நா எழாது. அந்த வெட்கம் ஒரு வேலி. கார்டைத் தேய்க்கும்போது அந்த வேலியில்லை. கேட்கவேண்டியதில்லை, காரணம் சொல்லவேண்டியதில்லை, மனைவிக்குத் தெரியவேண்டியதுமில்லை.

நம் பங்கில் ஒரு குடும்பத் தலைவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை, அவருடைய அனுமதியோடு, பேர் சொல்லாமல் எழுதுகிறேன். மகளின் புதுநன்மைக்கு அவர் 40,000 ரூபாய் செலவு செய்தார். வெள்ளைச் சட்டை, பந்தல், பிரியாணி, படமெடுப்பவர், எல்லாம் கார்டில். பட்டியல் வந்தபோது, "குறைந்தபட்சத் தொகை 2,000 கட்டினால் போதும்" என்றிருந்தது. போதுமென்று நம்பினார். மாதம் தவறாமல் 2,000 கட்டினார்.

கணக்கைக் கேளுங்கள். வட்டி நூற்றுக்கு மாதம் மூன்றரை. 40,000-க்கு 1,400. அந்த வட்டிமேல் 18 சதவீதம் வரி, 252. ஆக, கட்டின 2,000-ல் 1,652 வட்டிக்கும் வரிக்கும் போக, முதலில் கழிந்தது 348 ரூபாய் மாத்திரமே. இப்படி ஒரு வருஷம் கட்டினால் 24,000 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும். பாக்கியோ இன்னும் ஏறக்குறைய 34,700 நிற்கும். பாக்கி நிற்கையில் புதிதாய் வாங்கும் சாமானுக்கும் அந்த 45 நாள் சலுகை கிடைக்காது; வாங்கின நாளிலிருந்தே வட்டி ஏறும். அந்தக் கார்டில் ரொக்கம் எடுத்தாலோ, எப்போதும் முதல் நாளிலிருந்தே வட்டி.

"சாமி, அந்தச் சட்டை சின்னதாகி இப்போது தங்கச்சி போடுகிறாள். விருந்தின் பாக்கி இன்னும் தீரவில்லை. வீட்டிலே இது தெரியாது" என்று அவர் அழுதார். கையில் காசில்லாதபோது கடன் வாங்கி விருந்து வைத்து ஏழையாகாதே என்று சீராக் ஆகமம் எச்சரித்திருப்பது எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்! ஆண்டவரை முதன்முதல் உட்கொள்ளும் பிள்ளைக்குச் சுத்தமான ஆத்துமம் வேண்டும்; பந்தல் வேண்டியதில்லை. இதை நான் முன்னமே பிரசங்கத்தில் அழுத்திச் சொல்லியிருக்கவேண்டும். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

மூன்றரை வட்டிக்குக் கொடுக்கிற மனிதனை நம் ஊரில் என்ன பேர் சொல்லி அழைப்போம்? தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டியைத் தடைசெய்யச் சட்டமே வந்தது. பாங்கு கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வருஷ வட்டி வாங்கலாகாதென்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, அது ரிசர்வ் பாங்கின் அதிகாரத்துக்குட்பட்டதென்றது. சட்டத்தின் வாதத்தில் நான் நுழையவில்லை. அடகில்லாமல் கொடுப்பதால் ஆபத்து அதிகமென்று பாங்கு சொல்வதிலும் நியாயமுண்டு. ஆனால் சட்டம் விட்டுவைத்ததெல்லாம் மனச்சாட்சிக்கு இலேசாகிவிடாது.

"நான் குறித்த நாளில் முழுவதும் கட்டிவிடுகிறேனே, எனக்கென்ன?" என்று மகன் கேட்கலாம். நல்லது, அவர் விவேகமுள்ளவர். ஆனால் ஒன்று யோசிக்கட்டும். அவருக்கு வட்டியில்லாத நாட்களும் பரிசுப் புள்ளிகளும் வானத்திலிருந்து விழுந்த மன்னா அல்ல. அவற்றில் ஒரு பங்கு, முழுவதும் கட்டமுடியாத ஏழைச் சகோதரன் கொடுக்கிற வட்டியிலிருந்து வருகிறது. இன்னொரு பங்கு கடைக்காரரிடமிருந்து வருகிறது. ரூபே டெபிட் கார்டில் 2020 முதல் கடைக்காரருக்குக் கழிவில்லை. கிரெடிட் கார்டிலோ நூற்றுக்கு ஏறக்குறைய 2 ரூபாய் கழித்துக்கொண்டுதான் பணம் வருகிறது. கீழ ராஜ வீதியின் பெரிய ஜவுளிக்கடைக்கு அது பெரிதல்ல. சொற்ப லாபத்தில் அரிசி பருப்பு விற்கும் சிறுகடைக்காரருக்கு அது பிள்ளையின் பால்காசு. வேறு வழியிருக்கையில் அவரிடம் கார்டைத் தேய்த்து நாம் புள்ளி சேர்ப்பது பாவமென்று சொல்லமாட்டேன், பிறர்சிநேகமென்றும் சொல்லமாட்டேன்.

இப்போது கேள்விக்கு விடை சொல்லுவோம். பாவ சமயங்களை விலக்கவேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஒரே பொருள் ஒருவனுக்குத் தூரமான சமயமாகவும் மற்றொருவனுக்கு அடுத்த சமயமாகவும் இருக்கலாம். சாராயக்கடை வழியாய் ஒருவன் தினமும் கவலையின்றி நடக்கிறான்; இன்னொருவன் சுற்றி வேறு தெருவால் போகவேண்டும். கார்டும் அப்படியே. மருத்துவமனையில் நள்ளிரவில் முன்பணம் கேட்கும்போது, கடன் கார்டு ஓர் உயிரைக் காக்கலாம். ஆசையைத் தாங்கமாட்டாதவன் கையில் அதே கார்டு குடும்பத்தைக் கெடுக்கும். மட்டசனம் என்னும் புண்ணியம் சாப்பாட்டுக்கு மாத்திரமல்ல; செலவுக்கும் உரியது.

ஆகையால் ஒவ்வொருவரும் தம்மையே மூன்று கேள்வி கேட்டுப்பார்க்கட்டும். முதலாவது, கார்டு இல்லாவிட்டாலும் இதை நான் வாங்குவேனா? இரண்டாவது, தொடர்ந்து மூன்று மாதம் முழுத் தொகையையும் கட்டாமல் தவறியிருக்கிறேனா? தவறியிருந்தால் அது எனக்கு அடுத்த பாவ சமயம், கத்தரிக்கோலை எடுக்கவேண்டும். ஆனால் வெட்டிப்போட்டால் மாத்திரம் கணக்கு முடியாது. பாக்கியைத் தீர்த்து, மூடும்படி எழுதிக் கொடுக்கவேண்டும். ஏழு வேலை நாளைக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் பாங்கு தரவேண்டுமென்பது 2022-ன் விதி. மூன்றாவது, இந்தக் கடன் என் மனைவிக்கு, என் கணவருக்குத் தெரியுமா? மெய்விவாகத்தில் ஒரே உடலானவர்களுக்குள் ஒளித்துவைத்த கடன் வட்டியைவிட வேகமாய் வளரும்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கடனைத் தீர்ப்பது நீதியின் கடமை. ஆனால் அவநம்பிக்கை கடனைவிடப் பெரிய கேடு. வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைத்துத் தொந்தரவு செய்யலாகாது. அவமானப்படுத்தவோ மிரட்டவோ அவர்களுக்கு உரிமையில்லை. பாங்குக்கு நேரில் போய் நிலையைச் சொல்லி, குறைந்த வட்டியில் தவணையாக்கக் கேளுங்கள். வீட்டில் நகையிருந்தால், நகைக்கடன் வட்டி இதில் பாதிக்கும் குறைவாயிருக்கும். அரசராகமத்தில் கடன்காரன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்தபோது, ஒரு விதவை எலிசேயு தீர்க்கதரிசியிடம் ஓடினாள். அவர் செய்த புதுமையால் எண்ணெய் பெருகிற்று. அதன்பின் அவர் சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்க்கவேண்டும், மிச்சத்தைக் கொண்டு பிழைக்கவேண்டும். அந்தப் புதுமைக்கு முன் அவள் செய்த காரியம் ஒன்றுண்டு; தன் கடனை மறைக்காமல் வாய்விட்டுச் சொன்னாள்.

திண்ணையில் அழுத அந்த மனிதர் அன்றிரவே மனைவியிடம் சொன்னார். அவள் கோபித்தாள், பிறகு தன் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். கார்டுக் கடன் தீர்ந்து, இப்போது நகையை மீட்கிறார்கள். அவ்வளவுதான் புதுமை.

அப்படிப்பட்ட பாரம் உங்களில் யாருக்காவது இருந்தால் பங்கு வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபையாரும் இருக்கிறார்கள். யாரும் உங்கள் பேரை வெளியிடமாட்டார்கள். நசரேத்தூரின் தச்சுப் பட்டறையில் நாள்கூலியால் திருக்குடும்பத்தைக் காத்த அர்ச். சூசையப்பர், உங்கள் வீட்டு வரவையும் செலவையும் தம் பாதுகாவலில் வைத்துக் காப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமியார்