35 மில்லிமீட்டர் இறங்கினால்

கழற்றிய சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டுவிட்டு, "இங்க கை வச்சுப் பாருங்க சார்" என்றார் டயர்க்கடைக்காரர். வெளிப்பக்கம் பட்டன் ஆழமாக, புது டயர் மாதிரியே இருந்தது. உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. அந்த மொட்டையின் ஓரத்தில் கம்பி இழைகள் வெளியே தெரிந்தன. அந்த டயர் ஓடியது 6,000 கிலோமீட்டர்கூட இருக்காது.

மூன்று மாதம் முன்பு என்னுடைய 2013 மாடல் ஸ்விஃப்டுக்கு 35 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட்டிருந்தேன். மாட்டிய ஒர்க்‌ஷாப்பில், "ஸ்பிரிங் மட்டும்தானே மாத்தியிருக்கோம், அலைன்மென்ட்ல கை வைக்கலையே" என்றார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் பட்டது, நம்பிவிட்டேன். ஒரு போல்ட்டைக்கூட மாற்றித் திருகாமலே சக்கரத்தின் கோணங்கள் எல்லாம் எப்படி மாறிப்போகும் என்பது அந்த டயரைத் தடவிப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரியத் தொடங்கியது. காரை இறக்க ஆசைப்படும் எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான்: ஸ்பிரிங் மாட்டியதும் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதிக்குப் பணமும் ஒரு முழு நாளும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் உருவாக்கிய அமைப்பு அது. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும். தூணின் தலை பானெட்டுக்கு அடியில் பாடியோடு சேர்ந்திருக்கும். அடி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் போல்ட்டால் இறுகியிருக்கும். நக்கிளின் கீழ்ப்பக்கத்தை லோயர் ஆர்ம் பிடித்துக்கொள்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராடு தனியாக வந்து நக்கிளைப் பிடித்துத் திருப்புகிறது. உறுப்புகள் குறைவு, விலையும் குறைவு, இடமும் அதிகம் வேண்டாம். ஆனால் சக்கரம் மேலே கீழே போகும்போது அது எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதை இந்த மூன்றின் நீளமும் சாய்வும்தான் தீர்மானிக்கின்றன. உயரத்தை மாற்றினால் சாய்வு மாறும். சாய்வு மாறினால் கோணமும் மாறும்.

முதலில், இறக்குவதால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். கார் தாழ்ந்தால் அதன் எடையின் மையமும் தாழ்கிறது. மையம் தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 35 மி.மீ. இறக்கியதும் வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரம் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். நல்லதுதான். ஆனால் ஸ்ட்ரட் வைத்த காரில் இன்னொன்றும் நடக்கிறது. வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, லோயர் ஆர்மின் சாய்வைப் பொறுத்தது. காரை இறக்கினால் அந்தப் புள்ளி எடையின் மையத்தைவிட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீள்கிறது. ஆகவே உயரத்தை மட்டும் குறைத்தால் ஸ்ட்ரட் கார் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயவே பார்க்கும். அதைத் தடுப்பது புது ஸ்பிரிங்கின் விறைப்பு.

அந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது? ஸ்பிரிங் கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்யும். மற்ற அளவுகள் அப்படியே இருக்க, 12 மி.மீ. கம்பியை 13 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 38 சதவீதம் கூடிவிடும். சுற்றுகளைக் குறைத்தாலும் கூடும். அதனால்தான் பழைய ஸ்பிரிங்கையே ஒன்றரைச் சுற்று அறுத்துப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கேஸ் கட்டர் சூட்டில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும். அறுத்த முனை கீழ்க் கிண்ணத்தின் படியில் சரியாக உட்காராது. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கிண்ணத்தைவிட்டு நகரலாம். சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நொடியிலும் அதேதான் நடக்கும்.

மாட்டும் வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் ஒன்று உண்டு. ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கீழே வைத்த பிறகு, தலையில் உள்ள நட்டை எடுத்தால்தான் ஸ்பிரிங் வெளியே வரும். அந்த நட்டு இறுகியிருக்கும்வரை ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அழுத்த இரண்டரைக் கிலோ வேண்டிய ஸ்பிரிங் 120 மி.மீ. அழுந்தியிருந்தால், உள்ளே 300 கிலோ காத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரசரை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கிண்ணத்தில் ஸ்பிரிங் கையால் ஆடுகிற அளவுக்கு வந்த பிறகே நட்டைத் தொட வேண்டும். முகத்தை ஸ்ட்ரட்டின் நேர்க்கோட்டில் வைக்கவே கூடாது. மேல் பேரிங், ரப்பர், பம்ப் ஸ்டாப்பர் எல்லாம் எந்த வரிசையில் வந்தன என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1,00,000 கிலோமீட்டர் ஓடிய பேரிங்கையும் ரப்பரையும் திரும்பப் போடாதீர்கள். ஷாக்கும் பழசு என்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலைத் தேய்ந்த ஷாக் அடக்காது.

பலரும் கவனிக்காத ஒரு சங்கதியைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லோயர் ஆர்ம் பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. அது பேரிங் போலச் சுழலாது. நடுக் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டிக்கொண்டு, முறுக்கிக்கொண்டு வேலை செய்யும். கார் ஸ்டாண்டில் தொங்கும்போது அந்த போல்ட்டை முழுசாக இறுக்கினால், ரப்பர் தொங்கும் நிலையையே தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் நாள் முழுக்க முறுக்கிய நிலையில் நிற்கும். கார் எதிர்பார்த்த அளவு இறங்காது. சில மாதங்களில் புஷ் கிழியும். சரியான முறை, கையளவில் இறுக்கிவிட்டு, சக்கரத்தின் மேல் பாரம் நிற்கும்படி காரை இறக்கி, முன்னும் பின்னும் ஒருமுறை தள்ளி, நான்கு மூலையையும் அழுத்தி ஆட்டிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்குவது. ரேம்ப் இருந்தால் சுலபம். இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் பீமின் புஷ் போல்ட்டைக் கழற்றியிருந்தால் அதற்கும் இதே முறைதான்.

இனி கோணங்களுக்கு வருகிறேன். கேம்பர் என்பது சக்கரம் முன்னாலிருந்து பார்க்கையில் உள்ளே வெளியே சாய்ந்து நிற்பது. கொத்தனார் சுவர் பார்க்கும் தூக்குக் குண்டு ஒன்று போதும், இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமதளத்தில் காரை நிறுத்தி, ஃபெண்டரிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் உதட்டிலிருந்து நூலுக்கும் கீழ் உதட்டிலிருந்து நூலுக்கும் எவ்வளவு என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். உதட்டுக்கு உதடு 400 மி.மீ. என்றால், மேலே 7 மி.மீ. அதிகம் இருந்தால் சக்கரம் ஒரு டிகிரி உள்ளே சாய்ந்திருக்கிறது. அதுதான் நெகடிவ் கேம்பர். லோயர் ஆர்ம் வெளிநுனி தாழ்ந்தபடி இருக்கும் காரை இறக்கினால், ஆர்ம் கிடைமட்டத்தை நோக்கி வரும்போது சக்கரத்தின் அடியை வெளியே தள்ளுகிறது. தலை உள்ளே சாய்கிறது. கிடைமட்டத்தைத் தாண்டிவிட்டாலோ அடியை உள்ளே இழுக்கத் தொடங்கிவிடும். வளைவில் வேண்டிய நேரத்தில் கேம்பர் குறையும். அளவுக்கு மீறி இறக்கிய கார் ஓட்ட மோசமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேம்பர் டயரை மெதுவாகத்தான் தின்னும். ஒரு டிகிரி நெகடிவோடு, டயரை அவ்வப்போது இடம் மாற்றிப் போட்டு, நிம்மதியாக ஓட்டலாம். என் டயரைத் தின்றது டோ.

டோ என்பது மேலிருந்து பார்க்கையில் இரண்டு சக்கரமும் முன்னால் ஒன்றையொன்று பார்க்கின்றனவா, விலகிப் பார்க்கின்றனவா என்பது. நம் பாதத்தைக் கூட்டி வைப்பதும் அகற்றி வைப்பதும் போல. கவராயத்தால் ஒரே தாளில் இரண்டு வில் போடுங்கள், ஊசியை வேறு வேறு இடத்தில் குத்தி, ஆரத்தையும் மாற்றி. ஓரிடத்தில் இரண்டும் ஒட்டிப் போகும். அங்கிருந்து தள்ளிப் போகப் போகப் பிரிந்துவிடும். லோயர் ஆர்மின் நுனி ஒரு வில்லில் போகிறது, டை ராடின் நுனி இன்னொரு வில்லில். கம்பெனி உயரத்தில் இரண்டும் ஒட்டியிருக்கும்படி வடிவமைத்திருப்பார்கள். 35 மி.மீ. தள்ளிப் போனதும் டை ராடு நக்கிளை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. எந்தப் பக்கம் என்பது காருக்குக் கார் மாறும்; என் காரில் வெளிப்பக்கம்.

அலைன்மென்ட் கடையில் எனக்குக் கிடைத்த முதல் பிரின்ட்டில் முன் டோ மொத்தம் 5 மி.மீ. அவுட் என்று இருந்தது. கேட்க அற்பமான அளவு. ஒரு சக்கரத்துக்கு 2.5 மி.மீ., 400 மி.மீ. நீளத்தில். கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டர் உருளும்போது ஒவ்வொரு முன்சக்கரமும் ஆறேகால் மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோவையிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டர் ஓடினால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் குறுக்கே தேய்ந்திருக்கும். உள்ளே சாய்ந்து நிற்கும் சக்கரத்தில் அந்தத் தேய்மானம் முழுக்க உள்விளிம்பின் தலையில்தான் விழும்.

அலைன்மென்ட் கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெஷினில் ஏற்றும் முன் காற்று சரிபாருங்கள். டை ராடு எண்டிலும் பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம் இருந்தால் அதை மாற்றாமல் அளப்பது வீண். நான்கு சக்கரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஸ்விஃப்ட் போன்ற கார்களின் பின் பீமில் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. ஆனாலும் பின் அச்சு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்தால்தான் முன்சக்கரத்தை அதற்கு இணையாக வைக்க முடியும், ஸ்டியரிங்கும் நேராக நிற்கும். பின்பக்கம் ரொம்ப விலகியிருந்தால் பீமுக்கும் ஸ்டப் ஆக்ஸிலுக்கும் நடுவில் சாய்வான ஷிம் தகடு வைப்பார்கள்.

முன்பக்கம் கேம்பர் முதலில், டோ கடைசியில். கேம்பரைத் தொட்டால் டோ மாறும். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலான சின்னக் கார்களில் கேம்பருக்குக் கம்பெனி அட்ஜஸ்ட்மென்ட் தருவதில்லை. ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இரண்டு போல்ட்டில் ஒன்றை எடுத்துவிட்டு, நடுவில் மேடு வைத்த கேம்பர் போல்ட் போட்டால் ஓரளவு திருப்பிச் சரிசெய்யலாம். என் காரில் இடப்பக்கம் ஒன்றேகால் டிகிரி, வலப்பக்கம் முக்கால் டிகிரி என்று இருந்தது. அந்த வித்தியாசம்தான் வண்டியை ஒரு பக்கம் இழுத்தது. இரண்டையும் ஒரு டிகிரிக்குக் கொண்டுவந்ததும் இழுப்பு நின்றது. பிறகு டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் சமமாகத் திருகி, டோவைப் பூஜ்யத்துக்கு அருகில் வைத்தார்கள்.

திரையில் கட்டம் பச்சையானால் முடிந்தது என்று இறக்கிவிடுவார்கள். அந்தப் பச்சை எல்லை கம்பெனி உயரத்தில் நிற்கும் காருக்குப் போட்டது, அதுவும் அகலமானது. எல்லையின் ஓரத்தில் நிற்கும் டோகூடப் பச்சையாகவே தெரியும். நிறத்தை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள். முன் அளவும் பின் அளவும் உள்ள பிரின்ட்டை வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.

உயரம் மாறியதால் திருத்த வேண்டியவை இன்னும் சில உண்டு. முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காவிட்டால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், அல்லது பம்பருக்கு முன்னாலேயே விழும். சில கார்களில் பின்பக்க உயரத்தை வைத்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். இறக்கிய காரை அது பாரம் ஏற்றிய காராக எண்ணிக்கொள்ளும். திடீர் பிரேக்கில் பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்ளும். அதன் ராடை மறுபடி அமைத்தே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்பிரிங் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். வேகத்தடையையும் மறக்கக் கூடாது. இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் போட்டிருந்தால் 170 மி.மீ. இடைவெளி 135 ஆன கார்கூடத் தாண்டிவிடும். தெருமுனையில் அவரவர் போடும் குறுகிய மேடுகளில் நான்கு பேர் ஏறிய கார் அடி தட்டும். செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் வாரம் ஒருநாள் ஓட்டுபவருக்கும், தினம் பிள்ளைகளைப் பள்ளியில் விடுபவருக்கும் ஒரே உயரம் பொருந்தாது. இப்போது கேட்டால் நான் 25 மி.மீ. போதும் என்பேன்.

புது ஸ்பிரிங்கும் ரப்பர்களும் முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் அமரும். மாட்டிய அன்றே ஒருமுறை, 500 கிலோமீட்டரில் மறுமுறை அலைன்மென்ட் பாருங்கள். இடையில் மெஷின் வேண்டாம், உள்ளங்கை போதும். நிறுத்திய காரின் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, டயரின் முகத்தை உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை, வெளியேயிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதிள் கையில் தட்டும். டயர் அப்படி ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் உரசினால் டோ தப்பியிருக்கிறது. கம்பி தெரிவதற்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் முன்பே அது கைக்குத் தெரிந்துவிடும்.