நான்காம் முறை

ஐவேளைத் தொழுகையால் பொழுதை அளந்து வாழும் புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவன் பள்ளிவாசலின் ஹவுழ் என்னும் நீர்த்தொட்டியின் ஓரத்திற் குந்தியிருந்து, முழங்கை நனைந்ததோ இல்லையோ என்னும் சந்தேகத்தால் அதையே மீண்டும் மீண்டும் தேய்த்துக்கொண்டிருக்க, உள்ளே ஜமாஅத்துத் தொழுகை முடிந்துவிடுமாயின், அதைப் பக்தியென்று மெச்சுவதா, பிணியென்று இரங்குவதா? பெரும்பாலும் மெச்சிவிடுகிறோம், அனர்த்தம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓ.சி.டி. என்று வைத்தியர் கூறும் இந்த மனோவியாதியின் கடுமையைப் பிள்ளைகளிடத்தே அளப்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் அளவுகோலொன்று உண்டு. பத்து வினாக்கள், 40 புள்ளிகள். எண்ணமும் செயலும் எத்தனை நேரத்தை விழுங்குகின்றன, எவ்வளவு வேதனை தருகின்றன என்றெல்லாம் அது வினவும். ஆனால் இக்கரையில் அவ்வினாக்களைத் தொடுப்பவர், தொழுகைக்கு முன் செய்யும் ஒழுவில் ஓர் உறுப்பை மும்முறை கழுவுவது சுன்னத்து, நான்காம் முறை மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது, என்னும் ஷாபிஈ விதியையும் அறிந்திருத்தல் வேண்டும்; அறியாதவர் ஆசாரம் முழுவதையும் நோயாகக் கணக்கிடுவார், அல்லது நோயை ஆசாரமென்று விட்டுவிடுவார்.

சமயத்தை நோயாக்கும் சூழ்ச்சி இதுவென்று அஞ்சுவோர், வஸ்வாஸ் என்னும் இந்த ஓயாத சந்தேகத்தைக் கண்டித்தவர்கள் மார்க்க அறிஞர்களே என்பதை மறந்துவிடுகின்றனர். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கிறிஸ்தவப் பெண்ணொருத்தியின் குடத்து நீரால் ஒழுச் செய்ததை எடுத்துக்காட்டி, புறத்தூய்மையிலே மிகையாக அலைவோரை இடித்துரைத்தார்.

கழுவுகிற பிள்ளையையாவது ஊர் காணும். தொழுகையின் நடுவே இறைவனை இகழும் வார்த்தை உள்ளத்திற் பாய்ந்துவிட, நடுங்கி, நரகம் நிச்சயமென்று தனக்குத்தானே தீர்ப்பெழுதிக்கொண்டு வாய்மூடியிருக்கும் சிறுமியை யார் காண்பார்? வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சத்தக்க எண்ணங்கள் தோன்றுவதாக நபித்தோழர் முறையிட்டபோது, அந்த அச்சத்தையே தெளிவான ஈமானாக நபியவர்கள் கொண்டார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. இதைச் சொல்லிவிட்டு, ‘உனக்கும் அப்படி வருகிறதா, மகள்?’ என்று கேட்பவரிடந்தான் அவள் வாய் திறப்பாள். வெறும் படிவத்துக்குத் திறக்கமாட்டாள்.

தலவில அன்னம்மாள் கோவிலை நாடும் கத்தோலிக்கருக்கும் இத்தகைய மனவேதனை புதிதன்று: 1522இல் மன்ரேசாவில், சொல்லிமுடித்த பாவங்களையே மறுபடியும் பாவசங்கீர்த்தனத்திற் சொல்லி அலைக்கழிந்தார் புனித இஞ்ஞாசியார்.

எனினும், மார்க்க விடை மட்டும் போதாது: ‘ஒழு கூடிற்றா?’ என்று அன்றாடம் வந்து நிற்கும் பிள்ளைக்கு அன்றாடம் ‘கூடிற்று’ என்று கனிவோடு விடையளிக்கும் மௌலவி, தம்மை அறியாமலே அந்த நோய்க்கு நான்காம் முறை நீர் வார்க்கிறார். அவர் ஒருமுறை தீர்ப்பைச் சொல்லி, மறுமுறை பெற்றோரை அழைத்து, மனநல வைத்தியரிடம் அனுப்புதலே தகும்.